வந்த வழியே திரும்பும் வெளிச்சம்



அமாவாசை இரவு. நிலவு இல்லை, ஊர் விளக்குகளும் பின்னே மறைந்துவிட்டன. அகன்ற நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார் வண்டி விரைந்து செல்கிறது. முன்விளக்கு காட்டும் சிறு வெளிச்சத்துக்கு அப்பால் எங்கும் ஒரே இருள். திடீரென்று தொலைவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சதுரம், முனையில் நிற்பதுபோல் சாய்ந்து நின்று, சுடர்விடுகிறது. ‘முன்னே சாலைப் பணி நடக்கிறது, வலப்பக்கத் தடம் மூடப்பட்டிருக்கிறது’ என்று அது சொல்கிறது. ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு மாறுகிறார். மூடிய தடத்திலே மண்வெட்டியும் கையுமாய் நிற்கும் ஒரு தொழிலாளி, தம்மைக் கடந்து சென்ற அந்த வண்டியை நிமிர்ந்தும் பாராமல் வேலையைத் தொடர்கிறார்.

இந்த நிகழ்ச்சியில் வியப்பு எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் சுடர்விட்ட அந்தப் பலகைக்குள் விளக்கு இல்லை, எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை. வண்டி கடந்து சென்ற அடுத்த நொடியே அது மீண்டும் இருளோடு இருளாகிவிடும். அதில் தெரிந்த ஒளி ஓட்டுபவரின் சொந்த ஒளி. அவர் அனுப்பிய வெளிச்சமே ஒரு செய்தியை ஏந்திக்கொண்டு அவரிடம் திரும்பி வந்தது. இவ்வாறு ஒளியைத் திருப்பி அனுப்பும் வித்தையை மனிதன் எப்படிக் கற்றான், அதைச் சாலையில் உழைப்பவரின் உயிர்க்காவலாக எப்படி ஆக்கினான் என்பதையே இன்று நான் சொல்ல விரும்புகிறேன். இந்த வரலாறு பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் நிகழ்ந்தது. அதன் பயன் இன்று உலகம் முழுவதற்கும் உரியதாகிவிட்டது.

குதிரை வண்டிகளின் காலத்தில் சாலையைத் தோண்டுவோர் குழியின் ஓரத்தில் ஒரு சிவப்பு லாந்தரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது போதுமானதாகவும் இருந்தது. குதிரை மெதுவாக வரும். அதற்குக் கண்ணும் உண்டு. ஓட்டுபவர் சற்றுக் கண்ணயர்ந்தாலும் குதிரை குழிக்குள் இறங்காது. மோட்டார் வண்டி வந்தபின் இந்த நிலைமை அடியோடு மாறியது. மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 88 அடி கடக்கிறது. ஓட்டுபவர் ஒன்றைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, காலைத் தூக்கித் தடையின்மேல் வைப்பதற்குள் இரண்டு நொடிகள் ஆகுமானால், வண்டி அதற்குள் 176 அடி சென்றுவிடும். தடை பிடிக்கத் தொடங்குவதே அதன் பிறகுதான். குழியின் ஓரத்தில் இருக்கும் லாந்தர், குழி இருப்பதைச் சொல்லும்; ஆனால் காலம் கடந்தபின் சொல்லும்.

அமெரிக்கச் சாலைகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மண்ணெண்ணெய்த் தீவட்டிகளும் வழக்கத்தில் இருந்தன. உருண்டையான இரும்புக் குடம் ஒன்று, அதன் உச்சியில் ஒரு திரி, உள்ளே மண்ணெண்ணெய். இவற்றை வரிசையாக வைத்துக் கொளுத்திவிடுவார்கள். காற்றிலே சுடர் சாயும், மழையிலே தத்தளிக்கும், எண்ணெய் தீர்ந்தால் யாரேனும் ஒருவர் இருளில் நடந்து சென்று ஊற்ற வேண்டும். காவலுக்கு வைத்த விளக்கைக் காப்பதற்கே ஒரு மனிதர் ஆபத்தின் நடுவே போகவேண்டியிருந்தது. அன்றியும், அந்தச் சுடர் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும். எந்தப் பக்கம் ஒதுங்குவது, இன்னும் எவ்வளவு தூரம் என்பனவற்றைச் சொல்லாது. அவற்றைச் சொல்ல எழுத்துப் பலகை வேண்டும். எழுத்துப் பலகையோ இரவில் கண்ணுக்குத் தெரியாது.

ஏன் தெரியாது? இங்கே சிறிது பௌதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஒரு பொருளின்மேல் விழும் ஒளி மூன்று விதமாகத் திரும்பக்கூடும். சுண்ணாம்பு அடித்த சுவரில் விழுந்தால் அது எல்லாத் திசைகளிலும் சிதறும். சிதறுவதில் மிகச் சிறு பங்கே அனுப்பியவரின் கண்ணை வந்தடையும். நிலைக்கண்ணாடியில் விழுந்தால், பந்து சுவரில் பட்டுத் தெறிப்பதுபோல, வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் அப்பால் சென்றுவிடும். நேருக்கு நேர் நின்றாலன்றி அனுப்பியவருக்கு ஒன்றும் கிட்டாது. ஆகவே சாதாரண வண்ணம் பூசிய பலகை ஒளியைச் சிதறடித்து வீணாக்குகிறது. பளபளக்கும் உலோகத் தகடோ அதை வேறு திசைக்கு அனுப்பிவிடுகிறது. மூன்றாவது விதம் ஒன்று உண்டு. ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை அந்தத் திசைக்கே திருப்பி அனுப்புவது அது. நமக்கு வேண்டியது இதுவே.

இயற்கை இதை நெடுங்காலத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது. இருட்டில் பூனையின் கண்கள் பளிச்சிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. கண்ணின் வில்லை ஒளியை விழித்திரைமேல் குவிக்கிறது. குவிந்த ஒளியை அந்தப் படலம் திருப்புகிறது. திரும்பிய ஒளி அதே வில்லையின் வழியாக வந்த வழியே வெளியேறுகிறது. புல்லின்மேல் நிற்கும் பனித்துளிகளும் ஏறக்குறைய இதையே செய்கின்றன. பனி மிகுந்த காலையில், ஞாயிறு உதிக்கும் வேளையில், கதிரவனுக்கு முதுகைக் காட்டிப் புல்வெளியில் நின்று பாருங்கள். உங்கள் தலையின் நிழலைச் சுற்றி மட்டும் ஒரு வெண்ணிற ஒளிவட்டம் தெரியும். பக்கத்தில் நிற்கும் நண்பருக்குத் தம் தலையைச் சுற்றித்தான் அது தெரியும்; உங்கள் தலையைச் சுற்றித் தெரியாது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த சிற்பி செல்லினி இவ்வொளிவட்டத்தைக் கண்டு, இது இறைவன் தமக்கு மட்டும் அருளிய தனிச்சிறப்பு என்று எண்ணி மகிழ்ந்தார்! அவரவர் ஒளிவட்டம் அவரவர்க்கே தெரியும் என்பதை அவர் அறியவில்லை.

இந்த இயற்கைப் பாடத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தவர்களில் இருவரைச் சொல்கிறேன். இருவரும் ஆங்கிலேயர். ஒருவர் ரிச்சர்டு ஹாலின்ஸ் மர்ரி என்னும் கணக்காளர். ஒளியை வந்த வழியே திருப்பும் கண்ணாடி வில்லை ஒன்றுக்கு அவர் 1927ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அத்தகைய வில்லைகள் விளம்பரப் பலகைகளின் எழுத்துக்களிலும் சாலைக் குறிகளிலும் பதிக்கப்பட்டன.

மற்றொருவர் பெர்சி ஷா. யார்க்ஷையர் பகுதியில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் வளர்ந்தவர், 1890இல் பிறந்தவர். பெரிய பட்டங்கள் எவையும் அவருக்கு இல்லை. சாலைகளையும் வீட்டு நடைபாதைகளையும் செப்பனிடுவது அவருடைய தொழில். ஆகவே சாலையில் நிற்பவரின் பார்வையும், சாலையில் ஓட்டுபவரின் பார்வையும் அவருக்கு ஒருங்கே இருந்தன. மூடுபனி மிகுந்த அந்த மலைச்சாலைகளில், டிராம் வண்டியின் பளபளப்பான தண்டவாளங்களில் பட்டுத் தெறிக்கும் ஒளியையே வழிகாட்டியாகக் கொண்டு பலர் வண்டி ஓட்டினார்கள். தண்டவாளங்கள் அகற்றப்பட்டபோது அந்த வழிகாட்டியும் போய்விட்டது. வேலியின்மேல் அமர்ந்திருந்த பூனையின் கண்கள்தாம் அவரைப் பள்ளத்தில் விழாமல் காத்தன என்றும் ஒரு கதை உண்டு. எது உண்மையாயினும் 1934ஆம் ஆண்டில் அவர் ‘பூனைக்கண்’ என்னும் சாலைக் குமிழுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே அதைச் செய்து விற்கும் நிறுவனத்தையும் தொடங்கினார்.

அதன் அமைப்பு எளிமையானது. வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் ஒரு ரப்பர்க் கட்டை; அதில் ஒரு திசை நோக்கி இரண்டு, எதிர்த் திசை நோக்கி இரண்டு என நான்கு கண்ணாடிக் கண்கள். சக்கரம் ஏறும்போது ரப்பர் அமுங்கும். கண்கள் உள்ளே போகும். போகும்போதே ரப்பர் அவற்றின் முகத்தைத் துடைத்துவிடும். பெட்டியில் தங்கிய மழைநீர் அதற்குத் துணை செய்யும். இமை கொட்டிக் கண்ணைக் கழுவும் உயிரினம் போலவே இது தன்னைத் தானே தூய்மை செய்துகொண்டது. சாலையில் வைக்கும் எந்தப் பொருளுக்கும் முதற்பகை புழுதி என்பதைச் சாலைத் தொழிலாளியான ஷா நன்கு அறிந்திருந்தார்.

1939இல் போர் மூண்டது. ஆகாயத்திலிருந்து குண்டு விழும் என்ற அச்சத்தால் இங்கிலாந்து முழுவதும் விளக்குகள் அணைக்கப்பட்டன. வண்டிகளின் முன்விளக்குகளுக்கு முகமூடி போட்டு, சிறு கீற்று வெளிச்சமே கீழ்நோக்கி விழும்படி செய்தார்கள். அந்த இருட்டில் சாலை விபத்துக்கள் பெருகின. அப்போதுதான் பூனைக்கண்ணின் அருமையை மக்கள் உணர்ந்தார்கள். கீற்று வெளிச்சமும் அதற்குப் போதுமானதாக இருந்தது. அது திருப்பிய ஒளியோ ஓட்டுபவருக்கன்றி ஆகாயத்திலிருந்த பகைவனுக்குத் தெரியவில்லை.

குமிழ் சாலையின் கோட்டைக் காட்டியது. ஆனால் பலகை முழுவதும் ஒளிர வேண்டுமானால் என்ன செய்வது? ஆயிரம் வில்லைகளைப் பதித்தாலும் எழுத்துக்கள் புள்ளி புள்ளியாகவே தெரியும். இதற்கு விடை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கிடைத்தது. மின்னசோட்டா மாநிலத்தில் இன்று 3எம் என்று வழங்கும் நிறுவனம் உப்புக்காகிதம் முதலியன செய்து வந்தது. மணலையும் தூளையும் ஒரு தாளின்மேல் சீராக ஒட்டுவது அதன் குலத்தொழில். 1930களின் பிற்பகுதியில், மணலுக்குப் பதிலாக மிக நுண்ணிய கண்ணாடி மணிகளை ஒட்டி, சாலையின் நடுக்கோட்டுக்கு ஒளிரும் பட்டை செய்ய முயன்றார்கள். பட்டை சாலையின்மேல் நிலைக்கவில்லை. அந்த முயற்சி தோற்றது. ஆனால் சக்கரம் ஏறாத ஓரிடம் உண்டு, அது பலகை. அங்கே அதை ஒட்டினால் என்ன? 1939இல் மினியாபொலிஸ் நகருக்கு வெளியே அத்தகைய முதற்பலகை நாட்டப்பட்டது. ‘ஸ்காட்ச்லைட்’ என்பது அதன் வணிகப் பெயர். அந்த ஆராய்ச்சியில் பெரும்பங்கு கொண்ட ஹாரி ஹெல்ட்ஸர் என்பவர் பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் தலைவராகவே உயர்ந்தார்.

ஒவ்வொரு மணியும் ஒரு பூனைக்கண்ணாகும். மணியின் முன்முகம் ஒளியைக் குவிக்கும். பின்முகத்தில் உள்ள வெள்ளிப்பூச்சு போன்ற படலம் அதைத் திருப்பும். குவியம் மிகச் சரியாகப் பின்முகத்தில் விழ வேண்டுமானால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.9 ஆக இருத்தல் வேண்டும். தண்ணீருக்கு அது 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5. ஆகவே பனித்துளியும் சாதாரண மணியும் அரைகுறையாகவே ஒளியைத் திருப்புகின்றன. தனிவகைக் கண்ணாடி செய்து அக்குறையை நீக்கினார்கள்.

ஆயினும் இன்னொரு குறை தோன்றியது. மழை பெய்தால் மணிகளின்மேல் நீர்ப்படலம் படியும். உடனே குவியம் இடம் மாறிவிடும். பலகை அணைந்ததுபோல் ஆகிவிடும். எந்த இரவில் எச்சரிக்கை மிகவும் தேவையோ அந்த இரவில் அது மௌனமாகிவிட்டது! பிறகு, மணிகளைத் தெளிந்த ஒரு மெல்லிய ஏட்டுக்கு அடியில் புதைத்து, அதற்கேற்பப் படலத்தின் இடத்தையும் மாற்றினார்கள். நீர் ஏட்டின்மேல் ஓடிற்று. மணிகள் உள்ளே உலர்ந்திருந்தன. மழையிலும் பலகை பேசியது. பின்னர் 1970களில் மணிகளைக் காற்றறைகளுக்குள் அமைத்த இன்னும் பிரகாசமான தாள்கள் வந்தன. அவற்றுக்கும் அடுத்து, ஒரு பெட்டியின் உள்மூலையைப் போல மூன்று முகங்கள் செங்குத்தாகக் கூடும் நுண்ணிய பட்டகங்களால் ஆன தாள்கள் வந்தன. மூலையில் எறிந்த பந்து மூன்று சுவர்களிலும் பட்டு, எறிந்த திசைக்கே திரும்புகிறது அல்லவா? அதே தத்துவந்தான் இது.

இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பலகை ஒளியைத் துளியும் பிசகாமல் வந்த இடத்துக்கே திருப்பினால் என்ன ஆகும்? அது முன்விளக்குக்கே போய்ச் சேரும். ஓட்டுபவரின் கண்ணுக்கு வராது! விளக்கு கீழே இருக்கிறது. கண் அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே திரும்பும் ஒளி சிறிது விரிந்து வர வேண்டும். அப்பழுக்கற்ற கருவியைவிடச் சற்றே பழுதுள்ள கருவிதான் இங்கே பயன் தருகிறது. உயரமான சரக்கு வண்டியில் அமர்ந்திருப்பவரின் கண், விளக்கிலிருந்து இன்னும் தள்ளியிருக்கிறது. அதனால் சிறு காரில் வருபவருக்குப் பளிச்சென்று தெரியும் பலகை, அதே தூரத்தில் அவருக்கு மங்கலாகவே தெரியும். நிறுத்துவதற்கு அதிகத் தொலைவு தேவைப்படும் பெரிய வண்டிக்கே குறைந்த வெளிச்சம் கிட்டுகிறது. தாள் செய்வோரும் பலகை நடுவோரும் இதை மறக்கலாகாது.

பொருள் கிடைத்துவிட்டது. இனி மொழி வேண்டும். ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு நிறத்தில், ஒவ்வொரு வடிவத்தில் பலகை வைத்தால் நூறு மைல் வேகமாகச் செல்பவருக்கு அது பலமொழிக் குழப்பமாகவே இருக்கும். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான போக்குவரத்துக் குறிக் கையேடு முதன்முதலாக 1935இல் வெளிவந்தது. அந்நாளில் நிறுத்தப் பலகைகூட மஞ்சள் நிறத்தில்தான் இருந்தது. வெயிலில் வெளுக்காத சிவப்பு கிடைக்கவில்லை என்பதே காரணம். அத்தகைய சிவப்பு கைவந்தபின், 1954இல்தான் அது சிவப்பாயிற்று. குறிகளின் பொருளை மனிதர் முடிவு செய்தாலும், நிறத்தை ரசாயனம் முடிவு செய்தது என்று சொல்லலாம்.

1956இல் ஐசன்ஹோவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, மாநிலங்களை இணைக்கும் 41,000 மைல் பெருஞ்சாலைத் திட்டத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. நாடெங்கும் சாலை வேலை மும்முரமாயிற்று. போட்ட சாலை என்றும் புதிதாக இராது; அதைப் பழுது பார்க்க வேண்டும்; பழுது பார்க்கும்போதும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சாலையை மூடிவிட்டு வேலை செய்த காலம் போய், ஒரு தடத்தை மட்டும் மூடிவிட்டுப் பக்கத்துத் தடத்தில் வண்டிகளை விட்டு வேலை செய்யும் காலம் வந்தது. 1961ஆம் ஆண்டுக் கையேட்டில், சாலை அமைப்புப் பணிக்கும் பராமரிப்புப் பணிக்கும் உரிய எச்சரிக்கைகளுக்கென்று ஒரு தனிப் பகுதியே இடம்பெற்றது. 1971ஆம் ஆண்டுப் பதிப்பு அத்தகைய பலகைகளுக்குச் செம்மஞ்சள் நிறத்தை வகுத்தது. அன்று முதல் அந்நாட்டில் மஞ்சள், ‘சாலையின் இயல்பு இது’ என்று எச்சரிக்கும், செம்மஞ்சளோ ‘நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறது, மனிதர் இருக்கிறார்கள்’ என்று எச்சரிக்கும். நாள்தோறும் அவ்வழியே செல்பவருக்குத்தான் இந்த வேறுபாடு மிகவும் தேவை. வழி தெரியும் என்ற எண்ணமே அவருடைய ஆபத்து.

தடம் மூடுவது என்பது ஒரே பலகையால் முடியும் காரியமன்று. அது பல சொற்களால் ஆன ஒரு வாக்கியம். இன்றைய அமெரிக்கக் கையேட்டின்படி விரைவுச்சாலையில் மூன்று பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலாவது, முன்னே பணி நடக்கிறது என்கிறது. அதிலிருந்து 2,640 அடி சென்றபின் இரண்டாவது, எந்தத் தடம் மூடியிருக்கிறது என்கிறது. இன்னும் 1,500 அடி சென்றபின் மூன்றாவது, இரு கோடுகள் ஒன்றாகும் படத்தைக் காட்டுகிறது. அதற்கும் 1,000 அடிக்குப் பின்னரே தடம் குறுகத் தொடங்குகிறது. கூட்டிப் பாருங்கள்: 5,140 அடி, ஏறக்குறைய ஒரு மைல். மணிக்கு 60 மைல் வேகத்தில் அது சற்றேறக்குறைய ஒரு நிமிடம். ஒரு தொழிலாளியின் உயிருக்காகச் சாலை நமக்குத் தரும் அவகாசம் அந்த ஒரு நிமிடந்தான்.

தடத்தைக் குறுக்கும் இடத்தில் கூம்புகளைச் சாய்வாக வரிசையிட்டு நிறுத்துகிறார்கள். அந்தச் சாய்வின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. வேகம் மிகுந்த சாலைகளில் தடத்தின் அகலத்தை அடியிலும் வேகத்தை மைலிலும் எடுத்துக்கொண்டு பெருக்க வேண்டும். 12 அடித் தடம், 60 மைல் வேகம் என்றால் 720 அடி. இதைச் சுருக்கினால் வண்டிகள் சுவரில் மோதுவதுபோல் திரும்ப வேண்டியிருக்கும். கூம்பைச் செய்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சாலைக்குக் கோடு தீட்டும் பணியில் இருந்த சார்லஸ் ஸ்கேன்லன். மரத் தடுப்புகள் வண்டி பட்டால் நொறுங்கின, வண்டியையும் கெடுத்தன. இடித்தால் வளைந்து, மீண்டும் நிமிர்ந்து நிற்கும் ரப்பர்க் கூம்புக்கு அவர் 1943இல் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் அதன் கழுத்திலும் ஒளி திருப்பும் வெண்பட்டைகள் ஏறின. நான் வியப்பது இதுதான்: பூனைக்கண்ணைச் செய்தவரும் சாலைத் தொழிலாளி, கூம்பைச் செய்தவரும் சாலைத் தொழிலாளி. ஆபத்தின் நடுவே நின்றவர்களுக்கே அதன் பரிகாரமும் புலப்பட்டது.

பலகைக்கு ஒளி வந்தது, கூம்புக்கு ஒளி வந்தது, மனிதருக்கு? ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ரயில்பாதைத் தொழிலாளருக்கு 1964இல் பளிச்சிடும் செம்மஞ்சள் மேலாடை கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சாயம், கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றித் தருவது. ஆகவே பகலிலும் அந்தி மங்கலிலும் அது தூக்கிக் காட்டும். இருட்டில் அதனால் பயன் குறைவு. இரவுக்காக அதன்மேல் ஒளி திருப்பும் பட்டைகளும் வேண்டும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டையும் சேர்த்தே இன்றைய மேலாடைகள் தைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் மத்திய அரசின் உதவி பெறும் நெடுஞ்சாலைகளில் வேலை செய்வோர் அனைவரும் இத்தகைய ஆடை அணிய வேண்டும் என்ற விதி 2008 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முதற்பலகை 1939இல் ஒளிர்ந்தது. அந்த விதி வர 69 ஆண்டுகள் ஆயின. தகரத்துக்குக் கிடைத்த வெளிச்சம் தசைக்குக் கிடைக்க இத்தனை காலமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பலகையும் மூப்படையும் என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலில் தாள் வெடிக்கும், புழுதி படியும், மணிகள் உதிரும். பகலில் பார்த்தால் நிறம் நன்றாகவே இருக்கும். இரவில்தான் அது குருடாகிவிட்டது தெரியும். பலகை எவ்வளவு ஒளியேனும் திருப்ப வேண்டும் என்று ஓர் எல்லை வகுக்குமாறு அமெரிக்கக் காங்கிரஸ் 1992இல் கட்டளையிட்டது. நிலையான சாலைப் பலகைகளுக்கு அந்த எல்லை விதியாக வெளிவந்தது 2007 டிசம்பரில். வயது ஏற ஏறக் கண்ணுக்கு அதிக வெளிச்சம் வேண்டும். ஆகவே கூர்மையான கண்ணுடைய இளைஞர் ஒருவர் பார்த்துத் ‘தெரிகிறது’ என்று சொல்லிவிட்டால் போதாது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடிய மூப்பு ஒன்று உண்டு. அது நம்பிக்கையின் மூப்பு. வேலை முடிந்து ஆட்கள் போன பின்பும் ‘முன்னே பணி நடக்கிறது’ என்னும் பலகை நின்றுகொண்டே இருந்தால் என்ன ஆகும்? முதல்நாள் ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பார், யாரையும் காணார். இரண்டாம் நாள் சிறிதே குறைப்பார். மூன்றாம் நாள் பலகையைப் பாரார். நான்காம் நாள் உண்மையாகவே ஒருவர் அங்கே குனிந்து நிற்பார். பொய் சொல்லும் பலகை, தான் நிற்கும் இடத்தில் மட்டுமன்றி, வேறு எங்கோ உண்மை சொல்லும் பலகையையும் ஊமையாக்கிவிடுகிறது. ஆகையால் பணி நின்றவுடன் பலகையை மூடவோ அகற்றவோ வேண்டும் என்பது, அதை நட வேண்டும் என்பதற்குச் சற்றும் குறையாத கடமையாகும்.

நண்பர்களே, இந்த வித்தை சாலையோடு நின்றுவிடவில்லை. 1969 ஜூலையில் சந்திரனில் இறங்கிய அமெரிக்கர்கள், மூன்று முகங்கள் கூடும் நூறு கண்ணாடிப் பட்டகங்களை ஒரு சட்டத்தில் பொருத்தி அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அவற்றில் பட்டு வந்த வழியே திரும்புகிறது. சென்று மீளும் நேரத்தைக் கொண்டு சந்திரனின் தூரத்தை அளக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நம் சந்திரயான்-3இன் விக்ரம் கலம் சந்திரனின் தென்முனைக்கு அருகில் இறங்கியபோது, நாஸா அளித்த அத்தகைய சிறு கருவி ஒன்று அதன்மேல் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், சந்திரனைச் சுற்றிவரும் அமெரிக்கக் கலம் ஒன்று அதை நோக்கி ஒளி அனுப்பி, அது திரும்பி வரக் கண்டது. உறங்கிவிட்ட விக்ரமும், கேட்பவருக்கு விடை சொல்லத் தவறவில்லை. சாலையோரப் பலகையும் சந்திரனில் நிற்கும் கருவியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வரலாறு என்றால் மன்னர்களும் போர்களுமே என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கணக்காளர், ஒரு சாலைத் தொழிலாளி, உப்புக்காகிதம் செய்தோர், கோடு தீட்டியவர் ஆகிய இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறு மணியைக் கொடுத்தார்கள். அந்த மணிகள் சேர்ந்ததே இன்று இரவில் நமக்குக் கிடைக்கும் ஒரு நிமிட அவகாசம். அவர்கள் கடமை அத்தோடு முடிந்தது. அந்த நிமிடத்தை என்ன செய்வது என்பது நம் கடமை. பலகைக்குச் சொந்த ஒளி இல்லை. நாம் கொடுத்ததையே அது திருப்பிக் கொடுக்கிறது. விளக்கு அனுப்பிய ஒளி திரும்பி வருவதற்குக் கண்ணாடி மணி பொறுப்பு. திரும்பி வந்த ஒளியைக் கண்டு வேகம் குறைப்பதற்கு மனிதரின் மனமே பொறுப்பு. நாளை நீங்கள் வண்டி ஓட்டும் வயதை அடைந்து, இருளில் அந்தச் செம்மஞ்சள் சதுரத்தைக் காணும்போது, அதற்கு அப்பால், வெளிச்சம் எட்டாத தொலைவில், ஒருவர் உங்களை நம்பிக் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.